விளைந்தது வீணாகலாமா?

(கண்டி, அம்பிட்டியவில் கமக்காரரும் பல துறை உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



உணவு விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சட்டத்தரணிக்கு என்ன யோக்கியதை உண்டு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. நான் ஆய்வுகூடத்தில் நின்றவனல்லன், நீதிமன்றத்தில் நின்றவன். ஆயினும் இந்த விடயம் முதன்முதலாக என் மனத்தைத் தைத்தது நீதிமன்றத்திலேதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தலாத்துஓயாவுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த முதிய கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் தக்காளி பயிரிட்டிருந்தார். பழத்தைச் சாக்குகளில் அடைத்து, லொறியில் ஏற்றி, மொத்தச் சந்தைக்கு அனுப்பினார். சந்தையிற் சாக்குகளை அவிழ்த்தபோது மேலே இருந்தது பழமாகவும் கீழே இருந்தது சாறாகவும் காணப்பட்டது. வியாபாரி பாதிப் பணந்தான் தருவேன் என்றார். விதைக்கும் மருந்துக்கும் பட்ட கடன் அப்படியே நின்றது. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது.

நாங்கள் எதைப்பற்றி வாதாடினோம்? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருளின் உரிமை எவரிடம் செல்கிறதோ அவரிடமே நட்டத்தின் பொறுப்பும் செல்லும். எனவே, தக்காளியின் உரிமை தெருவோரத்தில் லொறியில் ஏற்றியபோதே மாறியதா, அல்லது சந்தையில் நிறுத்தபோது மாறியதா என்பதே வினா. இரண்டு தவணைகள் இதைப்பற்றியே பேசினோம். முடிவில் இரு தரப்பும் இணங்கி ஒரு தொகைக்கு உடன்பட்டன. நான் வெற்றிபெற்றவனாகவே வெளியே வந்தேன்.

அப்போது அந்த முதியவர் என்னிடம் சொன்னார்: “ஐயா, பழம் யாருடையது என்று இரண்டு நாள் பேசினீர்கள். பழம் ஏன் நசுங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லையே!”

அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இன்று அந்தக் கேள்விக்கு விடை தேடவே உங்கள் முன் நிற்கிறேன். நட்டம் யார் தலையில் விழவேண்டும் என்பதைத்தான் சட்டம் தீர்மானிக்கும். நட்டமே நேராமற் செய்யும் வழி விஞ்ஞானத்திடம் இருக்கிறது. அந்த விஞ்ஞானம் நமக்குச் சில மைல் தூரத்தில், பேராதனையிலும் கன்னொறுவையிலும் இருக்கிறது. அது ஏன் அந்த முதியவரின் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை?

அம்பிட்டிய என்பது அறிவுக்கு அந்நியமான ஊரன்று. 1893ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் பெயரால் இங்கே நிறுவப்பட்ட குருமடத்துக்கு, 1955இல் அது பூனாவுக்கு மாற்றப்படும்வரை, இந்தியாவின் பல பாகங்களிலுமிருந்து மாணவர் கடல் கடந்து வந்து பயின்றனர். அத்தனை தூரத்திலிருந்து மலையேறிவந்து கற்றவர்கள் இருந்த ஊரிலே, பக்கத்து ஊரின் அறிவு மலையேறி வராமல் நிற்பது விந்தையல்லவா?

மூன்று கடமைகள்

1966ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 1980இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. அதன் 11ஆவது உறுப்புரை பசியிலிருந்து விடுபடும் உரிமையை ஒவ்வொரு மனிதனுக்கும் வழங்குகிறது. அந்த உரிமையை நிறைவேற்ற, உணவை உற்பத்தி செய்யும் முறை, உணவைப் பேணும் முறை, உணவைப் பங்கிடும் முறை ஆகிய மூன்றையும் தொழில்நுட்ப, விஞ்ஞான அறிவை முழுமையாகப் பயன்படுத்தித் திருத்தவேண்டும் என்று அது அரசுகளைப் பணிக்கிறது.

உற்பத்தி, பேணுதல், பங்கீடு என்னும் இம்மூன்றையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் ஆட்சிக்கு வந்த கட்சிகளெல்லாம் முதலாவதைப் பற்றி மேடை மேடையாக முழங்கின. மூன்றாவதைப் பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி தந்தன. நடுவில் இருக்கும் பேணுதலைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. உணவு விஞ்ஞானத்தின் பிரதான இடம் அந்த நடுவிடமே.

முதலாவதில் நாம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் கூறமாட்டேன். 1952இல் பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1958இல் எச்-4 என்னும் நெல்லினம் கமக்காரர் கைக்கு வந்தது. அதன்பின் வந்த இனங்கள் விளைச்சலைப் பன்மடங்கு பெருக்கின. இது பெருமைக்குரிய வரலாறு.

அந்தப் பெருமை எவ்வளவு விரைவில் சரியக்கூடும் என்பதையும் கண்டோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரே ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மண்ணுக்கு நஞ்சற்ற வேளாண்மை வேண்டும் என்ற எண்ணம் தீயதன்று. ஆனால் மாற்றுப் பசளை எங்கே, அதைத் தயாரிப்பவர் யார், எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதற்கு விடை இல்லாமலே ஆணை பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள். பெரும்போகம் அதுவரை காத்திருக்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. அந்நியச் செலாவணி வற்றிய காலமும் அதுவே. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அந்த நாட்களில் அடுப்பு எரியாத வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்றில் ஓர் ஏக்கர்

அத்தகைய பஞ்சம் தலைகாட்டிய நாட்டிலேதான், விளையும் மரக்கறி, பழவகைகளில் 30 முதல் 40 வீதம் உண்பவர் வாயைச் சேராமல் அழிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில், எல்லா உணவுப் பொருள்களிலும் அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் இடையே 14 வீதம் அழிவதாக உணவு விவசாய நிறுவனம் 2019இல் கணித்தது. மரக்கறியும் பழமும் தானியத்தைவிட விரைவில் அழிபவை என்பது உண்மைதான். ஆயினும் நம்முடைய அழிவை விதியென்று ஏற்றுக்கொள்ள அது காரணமாகாது.

இதன் பொருள் என்ன? மூன்று ஏக்கர் பயிரிட்ட கமக்காரர், ஓர் ஏக்கரைக் குப்பைமேட்டுக்காகப் பயிரிட்டார் என்பதே. அந்த ஓர் ஏக்கருக்கும் விதை வாங்கினார், பசளை இட்டார், தண்ணீர் பாய்ச்சினார், கூலி கொடுத்தார், வட்டி கட்டினார். சரிந்த மலைநிலத்தில் கொத்திய மண் அடுத்த மழையில் ஓடையில் இறங்கி மகாவலியிற் சேர்கிறது. அங்கிருந்து பொல்கொல்லையிலும் விக்ரோறியாவிலும் வண்டலாகப் படிகிறது. அழுகிப்போகும் கோவாவுக்காகவும் நசுங்கிப்போகும் தக்காளிக்காகவும் நம் மலையின் மேல்மண்ணை ஆற்றுக்குத் தாரை வார்க்கிறோம்.

நீடித்து நிலைக்கும் உணவு முறை என்று இன்று அறிஞர் பேசுகிறார்கள். அதற்கு நான் எளிய பொருள் சொல்லுகிறேன். இன்று உண்பதற்காக நாளைய மண்ணையும் நீரையும் விற்காத முறை. பயிரிட்டவரைக் கடனாளியாக்காத முறை. குழந்தையைப் பசியோடு உறங்கவிடாத முறை. அப்படிப் பார்த்தால், புதிதாக ஒரு காட்டை வெட்டாமல், புதிதாக ஓர் அணையைக் கட்டாமல் உணவைப் பெருக்கும் வழி ஒன்றுண்டு. விளைந்ததைக் காப்பதே அந்த வழி.

பழமும் மூச்சு விடுகிறது

முதியவரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். பழம் ஏன் நசுங்கியது?

கொடியிலிருந்து பறித்த பின்னும் பழம் உயிருள்ள பொருளே என்று உணவு விஞ்ஞானம் கூறுகிறது. அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது தன்னிடமுள்ள மாச்சத்தையும் இனிப்பையும் செலவழித்து வெப்பத்தை வெளிவிடுகிறது. வெப்பம் ஏற ஏற மூச்சும் விரைவாகிறது. எதிலீன் என்னும் வாயுவையும் அது வெளிவிடுகிறது; அந்த வாயு பக்கத்திலுள்ள பழத்தையும் பழுக்க வைக்கிறது. தோலிற் காயம் பட்டால் அந்த வழியே பூஞ்சணம் நுழைகிறது. இனி எண்ணிப் பாருங்கள். நண்பகல் வெயிலிற் பறித்த பழத்தை, காற்றுப் புகாத சாக்கில் அமுக்கி அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக லொறியில் அடுக்கி, அதன்மேல் இரண்டு ஆட்களையும் ஏற்றி, இரவு முழுவதும் வளைந்த மலைப்பாதையிற் கொண்டு சென்றால் அடிச்சாக்கின் பழம் சாறாகாமல் வேறென்ன ஆகும்?

காலையிற் பறி, நிழலில் வை, காயம் பட்டதைத் தனியே பிரி, காற்றோட்டமுள்ள கூடையில் ஏற்று. விஞ்ஞானம் முதலிற் கேட்பது இவ்வளவே. இதற்குக் கோடி ரூபா இயந்திரம் தேவையில்லை.

தானியத்தின் நிலையும் இப்படியே. நெல்லின் ஈரம் 14 வீதத்துக்கு மேற்படாமல் உலர்ந்திருந்தால் மூட்டை மாதக்கணக்கில் நிற்கும். ஈரம் மிகுந்தால் முளைக்கும், மக்கும், நிறம் மாறும். சோளத்திலும் நிலக்கடலையிலும் ஈரம் தங்கினால் அபாயம் இன்னும் பெரிது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றுக்கு ஊட்டிய கடலைப் பிண்ணாக்கிலிருந்த பூஞ்சணம் சுரந்த நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். அஃபிளாடொக்சின் என்று அதற்குப் பெயர். அது ஈரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். சமைத்தாலும் முற்றாக அழியாது. அதைத் தடுக்கும் முதற்காவல் கமக்காரரின் முற்றத்திலே, நன்றாக உலர்த்தும் அந்தச் சில நாட்களிலே இருக்கிறது. நம் பகுதியின் மிளகுக்கும் இது பொருந்தும்.

இவையெல்லாம் வெளிநாட்டார் தந்த புதுமை என்று எண்ணவேண்டாம். நெல்லை அவித்து, உலர்த்தி, குற்றிப் புழுங்கலரிசி ஆக்கியவர்கள் நம் பாட்டிமார். 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளையரிசியை உண்ட கோழிகளுக்கு பெரிபெரி போன்ற நோய் வருவதைக் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டின் குன்னூரில் 1918இல் மக்கரிசன் என்பவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுகூடமே வளர்ந்து இன்று ஐதராபாத்தில் இந்தியாவின் தேசியப் போசணை நிறுவனமாக விளங்குகிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பி-1 அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது என்று விஞ்ஞானம் விளக்கிற்று. பாட்டி காரணம் அறியாமற் செய்தாள். விஞ்ஞானி காரணம் சொன்னான். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பலாக்காயைச் சீவி உலர்த்தி வைத்துக்கொண்ட கண்டிக் கிராமத்துச் சிங்களச் சகோதரரும் அதே பள்ளியின் மாணவர்களே. வருங்காலப் பஞ்சத்தை எண்ணி நாடெங்கும் பலாக்கன்று நடச்செய்த ஆர்தர் வி. டயஸ் அவர்களைச் சிங்கள மக்கள் ‘பலா மாமா’ என்று அன்போடு அழைத்தார்கள். அவர் நடச்செய்த மரத்தின் காய் இன்றும் பருவத்தில் நிலத்தில் விழுந்து அழுகுகிறது. அதனை உலர்த்தவும் புட்டியில் அடைக்கவும் வழி தெரிந்தவர்கள் கன்னொறுவையில் இருக்கிறார்கள்.

கூடைச் சட்டம் புகட்டிய பாடம்

அப்படியானால் சட்டம் இயற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள்.

2011ஆம் ஆண்டு டிசம்பரில், மரக்கறியையும் பழத்தையும் சாக்கில் ஏற்றக்கூடாது, பிளாஸ்டிக் கூடையிலேயே ஏற்றவேண்டும் என்ற விதியை அரசாங்கம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விஞ்ஞானத்தின்படி அந்த விதி சரியானதே. ஆனால் தம்புள்ளையிலும் பிற இடங்களிலும் கமக்காரரும் வியாபாரிகளும் தெருவுக்கு இறங்கி எதிர்த்தார்கள். அரசாங்கம் விதியைத் தளர்த்தவேண்டியதாயிற்று.

அவர்கள் அறிவிலிகளா? இல்லை. அவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. கூடையை வாங்கப் பணம் யார் தருவது? சந்தைக்குப் போன வெறுங்கூடை யாருடைய செலவில், எந்த லொறியில் ஊருக்குத் திரும்புவது? சாக்கில் ஏற்றியதைவிடக் கூடையில் ஏற்றினால் லொறியிற் குறைந்த பாரமே செல்லும். கூடுகிற கூலியை யார் ஏற்பது? நல்ல பழத்துக்கு நல்ல விலை கிடைக்குமென்று யார் உறுதி தருவது? இவற்றுள் ஒன்றுக்கேனும் விதியில் விடை இருக்கவில்லை. நட்டத்தைக் குறைக்கும் செலவு முழுவதும் கமக்காரர் தலையில். குறைந்த நட்டத்தின் இலாபமோ வேறெவரோ பையில். அத்தகைய சட்டத்தை எந்த மனிதன் வரவேற்பான்?

2011இன் கூடை விதியையும் 2021இன் பசளைத் தடையையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் விஞ்ஞானம் சரியாக இருந்தது, ஆயத்தம் இல்லை. பின்னதில் விஞ்ஞானத்தைக் கேட்கவே இல்லை, ஆயத்தமும் இல்லை. இரண்டிலும் ஆணை முந்திக்கொண்டது. ஆயத்தம் முதலில் வரவேண்டும், ஆணை அதன்பின் வரவேண்டும். சட்டம் படித்தவன் என்ற முறையில் இதனை நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: ஆணையினால் உலகம் திருந்திவிடும் என்று நம்புவது எங்கள் தொழிலின் பழைய நோய்.

ஆனந்தும் திருவாரூரும்

விஞ்ஞானம் கமக்காரரிடம் எப்படித்தான் சென்று சேரும்? சேர்ந்த இடங்கள் இரண்டைச் சொல்லுகிறேன்.

குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊரில், 1946இல், விடுதலைப் போராட்டத் தொண்டரான திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அவர்களிடம் இருந்தது எருமைப்பால். அதிலிருந்து பால்மாவோ குழந்தை உணவோ செய்ய முடியாது என்று மேல்நாட்டு நிபுணர் பலர் கூறினர். ஆனந்தின் பொறியியலாளர்கள் எருமைப்பாலில் மாவு செய்து காட்டினார்கள். 1950இல் மைசூரில் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டது. அந்த முறையை ஆனந்தின் சங்கம் ஏற்றுச் செய்தது. ஆய்வுகூடம் ஒரு மாநிலத்தில். கறவைக்காரர் வேறொரு மாநிலத்தில். இருவரையும் இணைத்தது எது? கூட்டுறவுச் சங்கம். தனித்தனியே நாலு படி பால் வைத்திருந்தவரிடம் எந்த விஞ்ஞானியும் வந்திருக்கமாட்டான்.

இரண்டாவது இடம் சோழநாடு. தஞ்சைப் பகுதியிற் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலத்தில் வரும். அறுத்த நெல் நனையும்; களத்திலேயே முளைக்கும். மைசூர் நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த சுப்பிரமணியன் அவர்கள், ஓய்வுபெற்றபின் திருவாரூருக்கு வந்து, 1967இல், கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் அரிசி ஆலையிலேயே ஒரு சிறு ஆய்வுகூடம் அமைத்தார். அவர் காட்டிய வழி என்ன தெரியுமா? சாதாரண உப்பையும் உமித்தூளையும் கலந்து ஈரநெல்லோடு சேர்ப்பது. உப்பு நெல்லின் ஈரத்தை இழுக்கும். உமித்தூள் அதை உறிஞ்சும். வெயில் வரும்வரை நெல் கெடாமல் நிற்கும். உப்பும் உமியும் இல்லாத ஊர் எது? அந்தச் சிற்றறையே படிப்படியாக வளர்ந்து, 2021இல் இந்தியப் பாராளுமன்றத்தின் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தஞ்சாவூரில் நிற்கிறது.

இரண்டு கதைகளிலும் ஒரே பாடம். கமக்காரர் ஒன்றுபட்டு நின்ற இடத்துக்கு விஞ்ஞானம் வந்து குடியேறியது.

லொறி கடந்துபோகும் லயன்கள்

இந்த மலையில் இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். கலகா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பகுதித் தோட்டங்களின் லயன்களில் வாழும் நம் மக்கள். 1867இல் லூல்கந்துரையிற் பயிராகத் தொடங்கிய தேயிலை இந்த நாட்டுக்குச் சோறு போட்டது. அதைப் பறித்தவரின் பிள்ளைகளுக்கு என்ன போட்டது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதத்தினர். மூன்றில் ஒரு குழந்தை!

மரக்கறி லொறி அந்த லயன்களின் வாசலைக் கடந்துதான் சந்தைக்குப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு வழியில் அழிகிறது. வழியோரத்தில் மூன்றில் ஒரு குழந்தை குன்றி நிற்கிறது. கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத்தேநீரும் உணவாக இருக்கும் வீட்டுக்கு இதனைவிடப் பெரிய அநீதி வேறுண்டா?

விஞ்ஞானத்தால் இங்கே செய்யக்கூடியதற்குச் சான்று உண்டு. 1973இல் தொடங்கிய திரிபோஷா, சோளத்தையும் சோயாவையும் பதப்படுத்தித் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் சத்துமாவாகத் தந்தது. 1995இல் மக்கள் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. உப்பு போகும் வீடெல்லாம் மருந்தும் போயிற்று. ஆனால் திரிபோஷாவுக்கு வேண்டிய சோளம் நன்கு உலராமல் நஞ்சேறினால் அந்த மாவை எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது? கமக்காரரின் முற்றமும் லயன் குழந்தையின் கிண்ணமும் ஒரே சங்கிலியின் இரு முனைகள்.

இங்கே என் தொழிற்குரிய ஒரு சொல்லையும் சொல்லவேண்டும். நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, போதிய உணவு உள்ளிட்ட தகுந்த வாழ்க்கைத் தரத்தை எல்லாப் பிரசைகளுக்கும் எய்துவிப்பதை அரசின் குறிக்கோளாகக் கூறுகிறது. இரண்டு உறுப்புரைகள் தள்ளி 29ஆம் உறுப்புரையோ, இவற்றை வைத்து எவரும் நீதிமன்றம் ஏறமுடியாது என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்தாயிற்று. இந்தியாவில் 2001இல், அரசாங்கக் களஞ்சியங்களில் தானியம் மக்கிக்கொண்டிருக்க மக்கள் பசியால் வாடுகிறார்கள் என்று ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. உயிர்வாழும் உரிமையில் உணவும் அடங்கும் என்ற வாதம் அங்கே வலுப்பெற்றது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் உணவு அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்துக்கு ஏறவேண்டும். அந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை.

நஞ்சு என்னும் அச்சம்

உணவில் விஞ்ஞானம் நுழைந்தால் நஞ்சும் நுழையும் என்று அஞ்சுவோர் உண்டு. கல்சியம் காபைட்டைப் போட்டு வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் பழுக்கவைப்பதைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் இயற்கையே. ஆனால் அது அரைகுறை அறிவின் செயல். காபைட்டில் ஆசனிக்கு முதலிய நஞ்சுகளின் சுவடு கலந்திருக்கலாம்; ஆகவேதான் அது தடைசெய்யப்பட்டது. அது நஞ்சு என்று சொன்னதும் விஞ்ஞானமே. பழம் தானே வெளிவிடும் எதிலீன் வாயுவை அளவோடு பயன்படுத்தலாம் என்று காட்டியதும் விஞ்ஞானமே. அறிவை வியாபாரியிடம் மட்டும் விட்டுவைத்தால் அது ஏமாற்றுக் கருவியாகும். உண்பவரும் பயிரிடுபவரும் அதைக் கைக்கொண்டால் அது காவலாகும்.

வேறிடத்தில் வென்றதை இங்கே கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவரவும் கூடாது. இந்தியாவில் செங்கல்லையும் ஈரமணலையும் கொண்டு மின்சாரமில்லாக் குளிர்தொட்டி கட்டுகிறார்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். வறண்ட காற்றுள்ள வவுனியாவிலும் தம்புள்ளையிலும் அது நன்கு பயன்படும். நம் மலையின் ஈரக்காற்றில் அவ்வளவு பயன்தராது. எதை எங்கே செய்வது என்பதை நம் மண்ணிலேயே சோதித்து அறியவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

குறை கூறிவிட்டு அமர்வது என் நோக்கமன்று. நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, லொறி ஏற்றும் தெருச்சந்தி ஒவ்வொன்றிலும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால் ஒரு கொட்டகை வேண்டும். நிழல், தண்ணீர், தரம்பிரிக்கும் மேசை, தராசு இருந்தாற் போதும். கூடைகள் தனி ஆளுடையவை ஆகாமல் சங்கத்துடையவை ஆகட்டும். இலக்கமிட்டு, முற்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்து, திரும்பியதும் வரவு வைக்கட்டும். 2011இல் விடையற்று நின்ற கேள்விகளுட் பாதி அங்கேயே தீரும். தரம் குறைந்ததென்று கழிக்கும் நல்ல மரக்கறியைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குக் கொடுக்க அதே கொட்டகை வழி செய்யும்.

இரண்டாவது, ஈரம் அளக்கும் கருவி ஒன்றும் உலர்த்தும் தளம் ஒன்றும் சங்கத்திடம் இருக்கட்டும். மிளகாயினும் சோளமாயினும் நெல்லாயினும், அளந்தபின் விற்பவரை ஏமாற்றுவது கடினம்.

மூன்றாவது, படித்தவர்களுக்கு ஒரு வேலை. எங்கே நிறுப்பது, எந்தத் தரத்துக்கு என்ன விலை, நட்டத்தின் பொறுப்பு எப்போது மாறும் என்று எழுதிய ஒருபக்க ஒப்பந்தத்தை, தமிழிலும் சிங்களத்திலும், நானும் என் தோழர்களும் கூலியின்றி எழுதித் தருகிறோம். ஆசிரியர்களும் விவசாயப் பட்டதாரிகளும் பேராதனையின் அறிவைக் கமக்காரர் பேசும் தமிழில் எழுதித் தாருங்கள். புரியாத மொழியில் வரும் அறிவு, வராத அறிவே.

நான்காவது, அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது. தமிழ் மக்கள் வாழும் பிரிவுகளுக்குத் தமிழறிந்த விவசாயப் போதனாசிரியர்களை அனுப்புங்கள். சங்கங்களுக்குக் கூடைக்கும் உலர்த்தும் தளத்துக்கும் குறைந்த வட்டிக் கடன் தாருங்கள். இவை நடந்தபின் கூடைச் சட்டத்தைக் கொண்டுவாருங்கள். அப்போது நாங்களே அதற்குக் கைதூக்குவோம்.

இவற்றுள் முதல் மூன்றுக்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. நாளைக்கே தொடங்கலாம்.

அந்த முதியவர் இன்று உயிரோடில்லை. நீதிமன்ற வாசலில் அவர் கேட்ட கேள்விக்கு நான் அளிக்கவேண்டிய விடை இதுவே: பழம் நசுங்கியது, அதைக் காக்கும் அறிவு இல்லாததால் அன்று, அறிவு உள்ளவரும் பழம் உள்ளவரும் ஒரே கொட்டகையில் நின்று பேசாததால். அந்தக் கொட்டகையை இந்த ஊரிலே கட்டுவோம். முதற் கம்பத்தை நடும் நாளை இக்கூட்டம் கலையுமுன் குறித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.